வாப்பாவின் திரையும் வாசற்படி ஸலாமும்

கடல் கடந்து பிழைக்கச் சென்ற பிள்ளைகளைப் பெற்ற வீடுகள் நம் சமுதாயத்தில்தான் எத்தனை எத்தனை! ஒரு காலத்தில் அவ்வீடுகளுக்கும் பிள்ளைகளுக்கும் இடையே விமானத் தபால் கடிதங்கள் ஓடின. பிறகு ஒலிநாடாவில் பேசிப் பதிந்து, ஊர் செல்பவர் கையில் கொடுத்தனுப்பினோம். இன்றோ, "தம்பி, கம்ப்யூட்டர் என்னமோ கேட்கிறதே, 'யெஸ்' கொடுக்கவா, 'நோ' கொடுக்கவா?" என்னும் கேள்வியோடு ஊரிலிருந்து அழைப்பு வருகிறது. வாசகர்களே, அந்தக் கேள்வி உங்களுக்குக் கடைசியாக எத்தனை மணிக்கு வந்தது, நீங்கள் எந்தக் குரலில் பதில் சொன்னீர்கள் என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். என் குரல் எப்படி இருந்தது என்பதையும், அதற்கு எங்கள் குடும்பம் கொடுத்த விலையையும் மறைக்காமல் சொல்லிவிடவே இதனை எழுதுகிறேன்.

வயதானவர்களுக்குக் கணினி எதற்கு, தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு பேரப்பிள்ளைகளோடு இருக்கலாமே என்று சிலர் கேட்பதுண்டு. கேட்பது எளிது. ஓய்வூதியம் பெறுவோர் தாம் உயிரோடிருப்பதை நிரூபிக்க 2014 நவம்பரில் மத்திய அரசு 'ஜீவன் பிரமாண்' என்னும் மின்னணுச் சான்றிதழைக் கொண்டுவந்தது. 2021 முதல் முகத்தைக் காட்டியும் அதைப் பெறலாம். ஹஜ் விண்ணப்பம் இணையத்திற்குப் போய்ப் பல்லாண்டுகள் ஆகின்றன. 2024 மார்ச்சில் 'ஹஜ் சுவிதா' என்ற செயலியும் வந்தது. 2025 ஜூன் 6 அன்று தொடங்கப்பட்ட 'உமீத்' தளத்தில் வக்ஃபுச் சொத்துகளின் விவரங்களை ஆறு மாதத்திற்குள் பதிவேற்றவேண்டும் என்று கெடு வைத்தபோது, எத்தனை பள்ளிவாசல்களில் முதிய முத்தவல்லிகள் பழைய பத்திரங்களை மடியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்து விழித்திருப்பார்கள்! கணினியைத் தேடி நம் பெரியவர்கள் போகவில்லை. கணினிதான் அவர்கள் வீட்டுத் திண்ணையில் வந்து ஏறி உட்கார்ந்துகொண்டது.

என் வாப்பாவுக்கு எழுபத்தாறு வயது. இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊர் ஒன்றில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் மஹல்லாவின் பழைய நிக்காஹ் பதிவேடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, எந்தக் குடும்பம் எங்கிருந்து வந்தது, யார் யாருக்குச் சம்பந்தி என்று ஊர்க் குடும்பங்களின் வரலாற்றைத் தாமே தட்டச்சு செய்து வருகிறார். இருபதாண்டு உழைப்பு. நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். உம்மாவோடு வீட்டில் இருப்பவர் ராத்தா. (அன்றாடம் அவர்களுக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பதும், ஃபேன் ஓடவில்லை என்றால் ஆள் அழைப்பதும் ராத்தாதான். ஆனால் கணினி என்றால் மட்டும் தம்பிக்குத்தான் தெரியும் என்று வாப்பா முடிவு கட்டிவிட்டார். பெண்மக்கள் செய்யும் பணி கணக்கில் வராமல் போவது நம் வீடுகளில் புதிதன்று.)

2025 ஜூலையில் விடுமுறைக்குப் போனபோது வாப்பாவுக்குப் புதிய மடிக்கணினி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். பழையதில் இருந்தது விண்டோஸ் 10. அதற்கான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை அவ்வாண்டு அக்டோபர் 14 உடன் நிறுத்துவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்திருந்தது. வாப்பாவின் கோப்புகளை எல்லாம் புதியதற்கு மாற்றிவிட்டு, கடமை முடிந்தது என்று விமானம் ஏறினேன். நான்காம் நாள் இரவு அழைப்பு வந்தது.

"தம்பி, எழுத்தெல்லாம் போய்விட்டது."

அந்தக் குரலை நான் அதற்கு முன் ஒருமுறைதான் கேட்டிருக்கிறேன், மூமா மவுத்தான செய்தியைச் சொன்னபோது.

எழுத்து எங்கும் போகவில்லை. வாப்பா எழுதத் தொடங்கிய காலத்துத் தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை அமர்த்தியவை. கணினியைப் பொறுத்தவரை உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்துதான். அந்த எழுத்துரு இருந்தால் தமிழாகத் தெரியும், இல்லாவிட்டால் பொருளற்ற ஆங்கிலக் குவியலாகத் தெரியும். யூனிகோடு முறையில் தமிழுக்கென்று தனி இடம் இருப்பதால் இந்தச் சங்கடம் இல்லை. நான் கோப்புகளைத்தான் கொண்டுவந்திருந்தேன். எழுத்துருவைப் பழைய கணினியிலேயே விட்டுவிட்டேன். பிழை முழுக்க என்னுடையது. அதை முதலில் சொல்லியிருந்தால் வாப்பாவுக்கு அன்றிரவு தூக்கம் வந்திருக்கும். நானோ, "என்னத்தை அழுத்தினீர்கள்?" என்று கேட்டேன்.

தொலைவிலிருந்து உதவுவோர் அனைவரும் முதலில் கேட்பது இந்தக் கேள்விதான். இதைவிடப் பயனற்ற கேள்வி வேறில்லை. அதற்கு, "நான் ஒன்றும் செய்யவில்லையே" என்ற பதில்தான் வரும். பள்ளிக்கூடத்தில் பிரம்போடு நிற்பவரிடம் பிள்ளைகள் சொல்லும் பதில் அது. நாற்பதாண்டு பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திய மனிதரை நான் அந்தப் பிள்ளையாக ஆக்கிவிட்டேன்.

அடுத்து, "கீழே இடது மூலையில் விண்டோஸ் அடையாளம் இருக்கும், அதை அழுத்துங்கள்" என்றேன். "இல்லையே" என்றார். "இருக்கும், நன்றாகப் பாருங்கள்." "இல்லை தம்பி." என் குரல் உயர்ந்தது. பிறகுதான் உறைத்தது: விண்டோஸ் 11இல் அந்த அடையாளம் கீழ்வரிசையின் நடுப்பகுதிக்கு வந்துவிட்டது. இல்லாத இடத்தில் தேடச் சொல்லிவிட்டு, கிடைக்கவில்லையா என்று கோபித்தவன் நான். இங்கே இஷாவுக்குப் பின் சாப்பிட்டு முடித்து வாப்பா அழைக்கும் ஒன்பது மணி, சிங்கப்பூரில் பதினொன்றரை. மறுநாள் ஐந்தரைக்கு எழவேண்டும். இவையெல்லாம் காரணங்கள்தாம், நியாயங்கள் ஆகா.

பெற்றோர் முதுமை அடையும்போது அவர்களை நோக்கி 'உஃப்' என்னும் சொல்லைக்கூடக் கூறலாகாது என்று பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 23ஆம் வசனம் தடுத்திருப்பதை நாம் அறிவோம். ஜும்ஆ மேடைகளில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். தொலைபேசியில் விடும் பெருமூச்சும் அந்தச் சொல்லில் அடங்கும் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. முகத்தைப் பார்த்துப் பேசும்போது புன்னகை கொஞ்சம் மறைத்துவிடும். காதோடு பேசும்போது மூச்சுதான் முன்னால் போய்ச் சேர்கிறது.

இப்படியே சில நாள் சென்றபின், எளிய வழி ஒன்றைக் கண்டேன். 'குவிக் அசிஸ்ட்' என்னும் உதவிக் கருவி விண்டோஸிலேயே கிடைக்கிறது. உதவுபவர் ஒரு குறியீட்டைப் பெற்றுச் சொல்ல, அங்கிருப்பவர் அதைத் தட்டினால், அவர் திரை நமக்குத் தெரியும். பின்னர் நாம் இசைவு கேட்டு, அவர் சரி என்றால், அங்குள்ள மவுஸ் நம் கைக்கு வந்துவிடும். டீம்வியூவர், எனிடெஸ்க் போன்றவையும் இதே வேலையைச் செய்கின்றன. வாட்ஸ்அப் காணொளி அழைப்பிலும் திரையைக் காட்டும் வசதி 2023 ஆகஸ்டில் வந்தது. அதில் நாம் பார்க்கலாம், தொட முடியாது.

எழுத்துருவை நிறுவினேன். வாப்பாவின் எழுத்துகள் திரும்பி வந்தன. அல்ஹம்துலில்லாஹ் என்று அவர் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. ஆனால் ருசி கண்டுவிட்டேன். அதன்பின் வாப்பா அழைத்தால், "நீங்கள் விடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பதே என் பேச்சாயிற்று. அம்புக்குறி தானாக ஓடும். கோப்புகள் தானாகத் திறக்கும், மூடும். வாப்பா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒருநாள் பாதியிலேயே எழுந்து ஒளூச் செய்யப் போய்விட்டார். "வாப்பா, இருக்கிறீர்களா?" என்றேன். ராத்தாதான் போனை எடுத்து, "உன் வேலையை நீ பார் என்று போய்விட்டார்" என்றார். பிறகு அழைப்புகள் குறைந்தன. வாப்பா நன்றாகக் கற்றுக்கொண்டார் என்று எண்ணி நான் மகிழ்ந்தேன்!

அவ்வாண்டு செப்டம்பரில் ஒரு முற்பகல், வாப்பா ஏதோ படித்துக்கொண்டிருக்கையில் திரை முழுவதும் சிவப்பாகியது. கணினியில் வைரஸ் புகுந்துவிட்டது, அணைத்தால் கோப்புகள் அழிந்துவிடும், உடனே இந்த எண்ணுக்குப் பேசுங்கள் என்று ஆங்கிலத்தில் ஒரு குரலும் ஒலித்தது. இருபதாண்டு எழுத்து அழிந்துவிடுமோ என்ற அச்சம். என்னை அழைக்கலாம், ஆனால் மகனுக்கு அது வேலை நேரம், கோபித்துக்கொள்வான். அந்த எண்ணுக்கே பேசினார்.

மறுமுனையில் இருந்தவன் எதைப் பதிவிறக்க வேண்டும் என்று எழுத்தெழுத்தாகச் சொன்னான். வாப்பா தவறாகத் தட்டியபோது, "பரவாயில்லை சார், மெதுவாகச் செய்யுங்கள்" என்றான். முக்கால் மணி நேரம். திரைக்குள் புகுந்தபின், சுத்தம் செய்யச் சிறு கட்டணம் என்று வங்கிக் கணக்கைத் திறக்கச் செய்து, உம்ராவுக்கென்று சேர்த்திருந்த பணத்தில் அறுபத்திரண்டாயிரம் ரூபாயை எடுத்துக்கொண்டு போய்விட்டான். வாப்பா பத்தொன்பது நாள் யாரிடமும் சொல்லவில்லை. பாஸ்புக்கில் வரவு பதியப் போன ராத்தாதான் கண்டுபிடித்தார்.

நான் அழைத்துப் பேசியபோது வாப்பா சொன்னது ஒன்றே ஒன்று. "அவன் உன்னைவிடப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தான் தம்பி."

வாசகர்களே, திருடனின் வழியையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். பிள்ளை உதவிக்குப் பயன்படுத்தும் அதே கருவியைத்தான் அவனும் பயன்படுத்துகிறான். எனிடெஸ்க் செயலி மூலம் செல்பேசிக்குள் புகுந்து பணம் பறிப்பது பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே வங்கிகளை எச்சரித்தது. குவிக் அசிஸ்டை மோசடிக் கும்பல்கள் தவறாகப் பயன்படுத்துவதை 2024 மே மாதத்தில் மைக்ரோசாஃப்ட் நிறுவனமே வெளியிட்டது. போலீஸ் உடையில் காணொளியில் தோன்றி, உங்களை 'டிஜிட்டல் கைது' செய்திருக்கிறோம் என்று முதியவர்களை மிரட்டுவோர் பெருகவே, அப்படி ஒரு கைது சட்டத்திலேயே இல்லை என்று 2024 அக்டோபரில் பிரதமர் வானொலியில் சொல்ல வேண்டியதாயிற்று.

சிவப்புத் திரையில் உண்மையில் வைரஸ் எதுவும் இல்லை. அது திரையை மறைத்து நிற்கும் ஓர் இணையப் பக்கம், அவ்வளவே. 'எஸ்கேப்' விசையைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் சுருங்கும், பிறகு மூடிவிடலாம். அதுவும் தெரியாவிட்டால், மின்பொத்தானை அழுத்திப் பிடித்துக் கணினியையே அணைத்துவிடலாம்; சேமித்து வைத்த எழுத்து எங்கும் போகாது. மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கையில் தொலைபேசி எண் இருப்பதே இல்லை. ஒருவேளை யாரையேனும் உள்ளே விட்டுவிட்டால், முதலில் இணையத்தைத் துண்டித்து, வேறொரு போனிலிருந்து வங்கிக்கும் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கும் பேசவேண்டும். கடவுச்சொற்களை வேறு கருவியிலிருந்து மாற்றவேண்டும். பணம் கைமாறிப் போவதற்குள் அது நிற்கும் கணக்கை முடக்குவதே வழி என்பதால், ஒவ்வொரு மணி நேரமும் விலைமதிப்புள்ளது. எங்கள் வீட்டில் கடந்தவை பத்தொன்பது நாள்கள். பணம் திரும்பவில்லை. அவரை வாய்மூடி இருக்கச் செய்தது எது என்று நான் யாரிடம் போய்க் கேட்பது?

அந்த நாள்களில்தான் ஊர் ஹஜ்ரத் ஒருவரிடம் தொலைபேசியில் இதைச் சொல்லி அழுதேன். அவர் கணினி அறியாதவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உன் வாப்பாவின் கம்ப்யூட்டருக்குள் போகும்போது ஸலாம் சொல்லிப் போவாயா?" என்றார். விளையாட்டாகக் கேட்கிறாரோ என்று நினைத்தேன். இல்லை. பிறர் வீட்டினுள் இசைவு பெற்று, வீட்டாருக்கு ஸலாம் கூறிய பின்னரே நுழையவேண்டும், திரும்பிச் செல்லுங்கள் என்று கூறப்பட்டால் திரும்பிவிட வேண்டும் என்று அந்நூர் அத்தியாயத்தின் 27, 28ஆம் வசனங்கள் கட்டளையிடுவதை நினைவூட்டினார். தாயோடு ஒரே வீட்டில் வசிக்கும் மனிதர் ஒருவர், தாயிடம் செல்லும்போதுமா அனுமதி கேட்கவேண்டும் என்று வினவியபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஆம் என்றே விடையளித்ததாக இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் பதிவாகியிருப்பதையும் சொன்னார்.

அதன்பின் நான் பழக்கத்தை மாற்றிக்கொண்டேன். வாப்பாவின் திரை வாப்பாவின் வீடு. அங்கே அவருடைய கடிதங்கள் உண்டு, வங்கிக் கணக்குண்டு, யாருக்கு எவ்வளவு ஸதகா கொடுத்தார் என்ற குறிப்பும் உண்டு. அழைத்தால் மட்டுமே போகிறேன். யாரும் அனுமதிக்காமலே எப்போது வேண்டுமானாலும் நுழையும்படி சில கருவிகளை அமைத்துவைக்க முடியும். வசதி என்று நண்பர்கள் அதைச் சிபாரிசு செய்கிறார்கள். படுக்கையில் கிடப்பவர், கண் தெரியாதவர் என்றால், அவர்களே விரும்பினால், சரி. மற்றவர்களுக்கு அது வேண்டாம் என்பதே என் எண்ணம். அது வீட்டின் மாற்றுச் சாவியைத் தெருவில் வைப்பதற்கு ஒப்பானது.

முதல் பத்து நிமிடம் மவுஸைக் கேட்பதில்லை. திரையை மட்டும் பார்த்துக்கொண்டு, அவர் கையாலேயே செய்யச் சொல்கிறேன். திரையும் தெரியாத நேரங்களில், "என்ன செய்தீர்கள்" என்பதற்கு மாறாக, "மேலிருந்து கீழாக என்ன எழுதியிருக்கிறது, வாசித்துக் காட்டுங்கள் வாப்பா" என்கிறேன். தமிழாசிரியர் அல்லவா, அழகாக வாசிப்பார்! பாதி நேரம் வாசிக்கும்போதே விடை அவருக்குத் தெரிந்துவிடுகிறது. பெயர்களையும் அவரிடமிருந்தே எடுத்துக்கொண்டேன். மூன்று கோடுகள் உள்ள பொத்தான் அவருக்கு 'மூன்று படி'. சக்கரம் போன்ற அடையாளம் 'வண்டிச் சக்கரம்'. எழுத்துகளைப் பெரிதாக்கி, மவுஸின் இரட்டை அழுத்தத்திற்கு அவகாசத்தைக் கூட்டிவைத்தேன். விரல் நடுங்குபவர்களுக்கு இந்த ஒரு மாற்றமே பெரும் நிம்மதி. முக்கியமான மாற்றம் எதையேனும் செய்யும்போது கணினி வீட்டுக்காரரின் சம்மதத்தைக் கேட்கும். அப்போது குவிக் அசிஸ்டில் என் பக்கத்துத் திரை கறுத்துவிடும். அந்த 'யெஸ்' அவரே அழுத்த வேண்டியது. முன்பு இது எனக்கு எரிச்சலாக இருந்தது. இப்போது அந்தக் கறுப்புத் திரையின் முன் காத்திருக்கப் பழகிவிட்டேன்.

நேரத்தையும் மாற்றினோம். சனிக்கிழமை அஸருக்குப் பின். அவசரம் என்றால் எந்த நேரமும். குடும்பத்திற்குள் ஒரு இரகசியச் சொல் வைத்திருக்கிறோம். கணினிக்குள் வர விரும்புபவர் யாராயினும், என் குரலிலேயே பேசினாலும், அச்சொல்லைச் சொல்லாவிட்டால் வாப்பா போனை வைத்துவிடுவார். என் குரலைப் போலவே பேச இயந்திரங்கள் வந்துவிட்ட காலம் இது. ராத்தாவையும் அருகில் உட்கார வைத்துச் சொல்லித்தந்தேன். எனக்குத் தெரிந்ததில் பாதிக்குமேல் அவர் முன்பே அறிந்திருந்தார். யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

வாப்பா ஒரு நோட்டுப் புத்தகம் போட்டிருக்கிறார். பழைய கணக்கு நோட்டு. ஒவ்வொரு சிக்கலையும் அதன் தீர்வையும் தம் அழகிய கையெழுத்தில் பக்க எண்ணோடு எழுதி வைக்கிறார். உம்மா சிறுவயதில் அரபுத்தமிழ் படித்தவர். அவர் பேத்தியோடு காணொளியில் பேசும் முறையை அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் அரபுத்தமிழிலேயே எழுதி வைத்திருக்கிறார். எங்களில் யாராலும் அதை வாசிக்க முடியவில்லை, உம்மாவுக்கு அதில் ஒரு பெருமை.

கடந்த சனிக்கிழமை சொன்ன நேரத்தில் அழைத்தேன். விசைப்பலகை திடீரென்று ஆங்கிலத்திற்கு மாறிவிட்டதாக முந்தின நாள் செய்தி அனுப்பியிருந்தார். ஸலாம் சொல்லி, "உள்ளே வரட்டுமா வாப்பா?" என்றேன்.

"வஅலைக்குமுஸ்ஸலாம். வரவேண்டாம் தம்பி" என்றார். "விண்டோஸ் விசையும் இடைவெளி விசையும் சேர்த்து அழுத்த வேண்டும். நோட்டில் பதினொன்றாம் பக்கம். நீ போய்ச் சாப்பிடு."